ஆபிரிக்கா போகாமலே எடுத்த படங்கள்

மச்சான் ஒருவர் கென்யாவுக்குச் சுற்றுலா போய் வந்து படங்கள் போட்டிருந்தார். நக்குரு ஏரியில் ரோசாப்பூ விரித்தது மாதிரி பூநாரைகள், மசாய் மாராவில் எருமை முதுகில் குருவி. நல்ல படங்கள்தான். நானும் லைக் போட்டேன். கீழே கருத்து எழுதியவர்களில் நாலைந்து பேர் என்னையும் இழுத்துவிட்டார்கள். "சேர், நீங்களும் ஒருக்கா ஆபிரிக்கா போனீங்கண்டா எப்பிடியான படமெல்லாம் எடுப்பீங்க!" இறக்கக்கண்டிக் களப்பில் சேறு பூசிக்கொண்டு கிடக்கிற மனிசன் பாவம் என்ற இரக்கம் அதில் இருந்தது. கருத்துப் பெட்டிக்குள் பதில் எழுதினால் நீண்டுவிடும் என்பதால் தனிப் பதிவாகவே எழுதுகிறேன்.

கென்யாவின் கடற்கரையில் வட்டாமு என்ற ஊருக்குப் பக்கத்தில் மீடா கிறீக் என்று ஒரு கண்டல் களப்பு இருக்கிறது. பறவை பார்க்கிறவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் அங்கே போகிறார்கள். போய் எதைப் பார்க்கிறார்கள்? வளைந்த அலகுள்ள சின்ன உள்ளான்கள், மணல் நிறத்தில் உருண்டையாக ஓடித்திரியும் சிறு பறவைகள், சிறு கோட்டான், பச்சைக்கால் உள்ளான். இவை எல்லாமே புரட்டாதி மாதம் தொடங்கி சித்திரை வரைக்கும் எங்கள் களப்பிலும் நிற்கின்றன. வளை அலகு உள்ளான் சைபீரியாவின் வட துருவக் கரையில் குஞ்சு பொரிக்கிற பறவை. அங்கே பனி இறுகத் தொடங்கியதும் ஒரு பகுதி ஆபிரிக்காவுக்குப் போகிறது, ஒரு பகுதி இந்தியாவுக்கும் எங்களுக்கும் வருகிறது, இன்னும் கொஞ்சம் அவுஸ்திரேலியா வரை போகிறது. ஒரே கரையில் பிறந்த பறவைகள் ஒன்று மீடா கிறீக்கிலும் மற்றது புல்மோட்டை வீதியோரத்திலும் மாரியைக் கழிக்கின்றன. ஆக, ஆபிரிக்காவின் பாதிப் பறவையை நான் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு முதலாம் மணிக்குப் பாடசாலையில் நிற்கிறேன். சிங்கம் மட்டும்தான் இல்லை.

நம்பாதவர்களுக்கு ஒன்று. கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சம்பத் செனவிரத்னவும் அவருடைய குழுவினரும் மன்னாரில் கடற்காகங்களைப் பிடித்து முதுகில் சின்ன ஜிபிஎஸ் கருவி பொருத்தி விட்டார்கள். அந்தப் பறவைகள் இந்தியா, பாகிஸ்தான் என்று கடந்து ரஷ்யாவின் வட துருவக் கரை வரைக்கும் போனதை வரைபடத்திலேயே பார்த்தோம். மீன் வாடியில் தலைக்கழிவுக்கு அடிபடுகிற பறவைதான், கடவுச்சீட்டு இல்லாமல் அவ்வளவு தூரம் போய் வருகிறது.

ஆபிரிக்காவோடு இன்னொரு தொடுப்பும் இருக்கிறது. எட்கர் லேயார்ட் என்ற ஆங்கிலேயர் 1840களில் இலங்கைக்கு வந்து பல வருடங்கள் பறவை சேகரித்தார். பிறகு தென்னாபிரிக்காவுக்குப் போய், 1855இல் கேப் டவுனில் தென்னாபிரிக்க நூதனசாலையின் பொறுப்பாளரானார். 1867இல் தென்னாபிரிக்கப் பறவைகள் பற்றி அவர் எழுதிய புத்தகம்தான் அந்த நாட்டுப் பறவைகளுக்கு ஆரம்பப் புத்தகங்களில் ஒன்று. அவருக்கு இந்தத் தொழிலில் கை பழகியது இங்கேதான். பழக்கியவர்களில் ஒருவர் முத்து என்ற எங்கள் நாட்டுத் தமிழர், லேயார்டின் வேலையாள். தன்னிடமிருந்த சிறந்த பறவைகள் பல முத்துவின் பொறுமையாலும் வேட்டைத் திறமையாலும் கிடைத்தவை என்று லேயார்டே எழுதி வைத்திருக்கிறார். பருத்தித்துறையில் முத்து ஒருநாள் கொண்டு வந்து கொடுத்த சின்னப் பறவைக்கு முத்துவின் பெயரையே வைத்தார். இன்றைக்கும் பழுப்பு மார்பு ஈப்பிடிப்பானின் விஞ்ஞானப் பெயர் மஸ்கிகாபா முத்துயி. ஒன்பதாம் தரத்துப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் வகுப்பில் சத்தமே இல்லை. பிறகு பின்வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான்: "சேர், அப்ப முத்துட வாப்பாட பேர் என்ன?" அது எந்தப் புத்தகத்திலும் இல்லை மகன் என்றேன்.

சரி, படம் எடுக்கிற விடயத்துக்கு வருகிறேன். இன்பொக்சில் அதிகம் கேட்பது இதைத்தான்.

என்னிடம் இருப்பது நிக்கோன் பி900. லென்ஸ் மாற்ற முடியாத, 83 மடங்கு இழுக்கிற கமெரா. சீட்டுக் காசில் வாங்கினது. பெரிய லென்ஸ்காரர்கள் இதை விளையாட்டுச் சாமான் என்பார்கள். 2022இல் டொலர் 360 ரூபாவைத் தாண்டியதற்குப் பிறகு ஒரு பெரிய லென்சின் விலை எனது பல வருடச் சம்பளம் ஆகிவிட்டது. ஆகவே விளையாட்டுச் சாமானோடு சந்தோசமாக இருக்கிறேன். அந்த வருடம் பெற்றோல் வரிசையில் நின்று களைத்து சைக்கிளுக்கு மாறினேன். சைக்கிள் சத்தமில்லாமல் வருவதால் பறவைகள் அவ்வளவாக எழும்பவில்லை. மோட்டார் சைக்கிளில் போன காலத்தில் அறுபது எழுபது அடியில் பறந்துவிடுகிற கோட்டான், சைக்கிளைப் பார்த்து கழுத்தை மட்டும் நீட்டியது. நாடு கஸ்டப்பட்ட வருடத்தில்தான் நான் நல்ல படங்கள் எடுத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அது உண்மை.

வெளிச்சம் முக்கியம். எங்கள் ஊர் ஒரு நாடா மாதிரி. கிழக்கே கடல், மேற்கே களப்பு, நடுவில் வீதியும் நாங்களும். சுபஹ் தொழுதுவிட்டுப் போனால் சூரியன் கடலிலிருந்து எழும்பும். அப்போது கடலைப் பார்த்துப் படம் எடுத்தால் எல்லாம் கறுப்பு நிழல்தான். முதுகைக் கடலுக்குக் கொடுத்து களப்பைப் பார்க்க வேண்டும். உள்ளானின் செட்டையில் ஒவ்வொரு இறகின் விளிம்பும் தெரியும். அஸருக்குப் பிறகு இதுவே தலைகீழ்; களப்பை விட்டுவிட்டுக் கடற்கரைக்கு வந்தால் ஆலாக்கள் மீன் குத்துவதை நல்ல வெளிச்சத்தில் எடுக்கலாம். லுஹர் நேரத்தில் வீட்டில் கிடந்து தூங்குங்கள்.

இந்தியாவில் சில கரைகளில் வற்றுப்பெருக்கு பல மீற்றர் என்பார்கள். எங்களுக்கு ஒரு மீற்றர்கூட இல்லை. அதனால் சேற்றுத்தரை வெளிக்கிடுவது அலையைப் பொறுத்ததல்ல, காலத்தைப் பொறுத்தது. வாடைக்காற்றும் மழையும் ஓய்ந்து, தை கடைசியிலிருந்து களப்புத் தண்ணீர் இறங்கத் தொடங்கும். மாசி, பங்குனியில்தான் சேறு அகலமாகத் திறக்கும், பறவை கூட்டமாக இறங்கும். அப்போதுதான் மிகக் கவனமாகவும் இருக்க வேண்டும். திரும்பிப் போகிற பயணத்துக்கு அவை கொழுப்புச் சேர்க்கிற நாட்கள் அவை. சில வகை உள்ளான்கள் புறப்பட முன்னர் தங்கள் எடையை ஏறத்தாழ இருமடங்காக்கிக்கொள்ளும். நீங்கள் பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கல்லெறிந்து எழுப்புகிற ஒவ்வொரு முறையும் அந்தக் கொழுப்பில் கொஞ்சம் எரிகிறது. நேரே நடக்காதீர்கள், பக்கவாட்டில் சரிந்து சரிந்து போங்கள். மேய்கிற பறவை மேய்ச்சலை விட்டுத் தலையைத் தூக்கினால் அங்கேயே இருந்துவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் திரும்ப மேயும். பத்து நிமிடத்தில் அதுவே உங்களிடம் வரும்.

இப்போது ஆக்காண்டிக் கதை. இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

ஆக்காண்டியைத் தெரியாத கிழக்கிலங்கைப் பிள்ளை இல்லை. அது எங்கே முட்டையிட்டது, குஞ்சுக்கு இரை தேடப் போய் எப்படி வலையில் அகப்பட்டது என்ற நாட்டார் பாட்டை உம்மாமார் பாடித்தான் எங்களைத் தூங்கவைத்தார்கள். சிவப்புத் தாடையும் மஞ்சள் காலும் உள்ள அந்தப் பறவை கூடு கட்டுவதில்லை. வெறும் நிலத்தில் சின்னப் பள்ளம், சுற்றிவர நாலு கூழாங்கல், நடுவில் மண் நிறத்தில் புள்ளி போட்ட நாலு முட்டை. காலடியில் இருந்தாலும் தெரியாது. வெயில் ஏறினால் அது அடைகாப்பது சூட்டுக்காக அல்ல, நிழலுக்காக. தாயும் தகப்பனும் மாறிமாறித் தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் இருக்கும். முட்டை வெந்துவிடாமல் இருக்க அல்லாஹ் அதற்குச் சொல்லிக்கொடுத்த வழி அது.

பெரும்போக அறுவடை முடிந்த ஒரு வயலில் அப்படி ஒரு சோடி முட்டையிட்டிருந்தது. வெளியூரிலிருந்து வானில் நாலு பேர் வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் என் வீட்டுக் கூரை விலைக்கு லென்ஸ். மாடு மேய்த்துக்கொண்டு நின்ற எங்கள் பாடசாலைப் பொடியன் ஒருவன் 500 ரூபாவுக்கு இடத்தைக் காட்டியிருக்கிறான். முட்டையைச் சுற்றி நின்ற வைக்கோல் கட்டையையும் புல்லையும் படம் துப்பரவாக வரவேண்டும் என்று பிடுங்கியிருக்கிறார்கள். பிறகு எட்டடி தூரத்தில் முக்காலி வைத்து ஒன்றரை மணித்தியாலம். நேரம் பதினொரு மணி. ஒரு பறவை முட்டையை விட்டு எழும்பப் பயந்து அப்படியே இருந்தது, மற்றது தண்ணீர் கொண்டுவர வழியில்லாமல் தலைக்கு மேல் கத்திக் கத்திச் சுற்றியது. பொடியன் அன்றிரவு என் வீட்டுக்கு வந்து சொன்னான். அடுத்த நாள் விடிய இருவரும் போனோம். முட்டை இல்லை. சுற்றிவரக் காகக்கால் தடம். மறைப்பு எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகு காகத்துக்குக் கண் தெரியாமலா போகும்?

இரண்டு கிழமைக்குப் பிறகு அந்தப் படத்தை இதே முகநூலில் கண்டேன். அழகான படம், பொய் சொல்லக் கூடாது. இறகு இறகாகத் தெரிந்தது. பறவை வாயை அகலத் திறந்திருந்தது. கீழே "தாய்மையின் பாடல்" என்று எழுதியிருந்தார்கள். அது பாடவில்லை. நாய் வெயிலில் நாக்கைத் தள்ளி இளைப்பது போல அது இளைத்துக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கில் லைக். அதில் என் நண்பர்கள் பதினேழு பேர்.

பொடியன் கேட்டான்: "சேர், நான் காட்டினது பாவமா?"

நான் அவனுக்கு அபூதாவூதில் வருகிற ஹதீஸைச் சொன்னேன். பயணம் ஒன்றில் ஸஹாபாக்கள் சிலர் ஒரு சின்னப் பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிடுகிறார்கள். தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவிக்கிறது. நபி (ஸல்) அவர்கள் வந்து, குஞ்சுகளை எடுத்து இதைத் துன்புறுத்தியது யார் என்று கேட்டு, திருப்பிக் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். அவன் யோசித்துவிட்டு, "திருப்பிக் குடுக்க முட்டை இல்லையே சேர்" என்றான். அதற்கு நான் என்ன சொல்ல? தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ மகன் என்றேன். அந்தப் பொடியன்தான் இப்போது எந்த வயலில் எந்தச் சோடி இருக்கிறது என்று எனக்கு வந்து சொல்கிறவன். அவற்றில் ஒன்றையும் நான் படம் எடுப்பதில்லை. முட்டை, குஞ்சு, கூடு உள்ள எந்தப் படத்தையும் என் பக்கத்தில் நீங்கள் காணமாட்டீர்கள்.

இடத்தின் பெயர் போடுவதில்லை என்றும் சிலர் குறைபடுகிறார்கள். கஞ்சத்தனம் என்கிறார்கள். அதற்கு இரண்டு காரணம். ஒன்று மேலே சொன்ன வான். இரண்டாவது இன்னும் பாரமானது.

போன வருடம் ஒரு சின்னக் குளத்தில் நாரைகளும் கூழைக்கடாக்களும் நிறைய இறங்கியிருந்தன. படம் எடுத்துக்கொண்டு நின்றேன். குளத்துக்குக் கீழே வயல் செய்கிற ஒரு பெரியவர் மம்மெட்டியோடு வந்து பக்கத்தில் குந்தினார். கொஞ்ச நேரம் பேசாமல் பறவையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மகன், குருவியப் படம் புடிங்க, அது அல்லாட படைப்பு. ஆனா இந்தக் குளத்திட பேரப் போட்டுடாதீங்க. பொறகு கல்லு நட வந்துருவானுகள்."

எங்கள் மாவட்டத்துக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு இது விளங்காது. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து பத்து இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்தவர்களின் காணியில் காடு வளர்ந்திருந்தது. வளர்ந்த காடு கடதாசியில் காடாகவே பதிவானது. எல்லைக்கல் விழுந்தது. சரணாலயம், ஒதுக்குக்காடு, தொல்லியல் என்ற சொற்களை வர்த்தமானியில் பார்த்தால் எங்கள் சனத்துக்கு நெஞ்சு பதறும், அது தமிழரானாலும் முஸ்லிமானாலும். பறவையைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்கிற என்னையே, யாருக்கோ வேலை செய்கிறான் என்று பார்த்த கண்களை நான் கண்டிருக்கிறேன். கோபமில்லை. அந்தப் பெரியவரின் மம்மெட்டி அந்த வரம்பைக் கட்டியிராவிட்டால் அந்தக் குளத்தில் தண்ணீரே நின்றிருக்காது, கூழைக்கடா எங்கே இறங்கும்?

அதற்காகச் சரணாலயமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் கண்ணெதிரே இருக்கிற புறாமலை 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசிய பூங்காவானது. வெள்ளைக்காரன் காலத்தில் சுடுபயிற்சி எடுத்த தீவு அது. வீட்டுப் புறாவோடு கலக்காத காட்டு மாடப்புறா இலங்கையில் கூடு வைக்கிற மிகச் சில இடங்களில் ஒன்று. சட்டம் இல்லாவிட்டால் இன்றைக்கு அந்தப் பாறையில் ஹோட்டல் நிற்கும். வடக்கே கொக்கிளாய்க் களப்பு 1951இலேயே சரணாலயம். சட்டமும் வேண்டும், பெரியவரின் வயலும் வேண்டும். கல் நட வருகிறவர்கள் முதலில் அந்த வரம்பில் குந்தி அவரோடு பேசினால் பாதிப் பிரச்சினை தீரும். இன்றுவரை யாரும் குந்தவில்லை.

எங்கள் பக்கப் பிழையையும் சொல்ல வேண்டும். கலியாண வீட்டுப் பிளாஸ்டிக்கைக் களப்போரத்தில் கொட்டுவது வர்த்தமானி அல்ல, நாங்கள்தான். இரவோடிரவாக மண் நிரப்பிக் கண்டலை மூடுவதும் எங்கள் ஆட்கள்தான்.

கமெராவால் வந்த ஒரு நாளையும் சொல்லிவிடுகிறேன். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு சில வாரங்கள் கமெராவைத் தொடவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை துறைமுகப் பக்கத்து வீதியில், கடற்கழுகு ஒன்று பாம்பைக் காலில் கொண்டு போவதைப் பார்த்து நிறுத்தினேன். தாடி, தொப்பி, நீண்ட லென்ஸ், துறைமுகம். மிச்சத்தை நீங்களே விளங்கிக்கொள்வீர்கள். சீருடைக்காரர் இரண்டரை மணித்தியாலம் இருத்திவைத்தார்கள். கமெராவில் நானூறு படம் இருந்தது. இளம் பொடியன் ஒருவர் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். உள்ளான், உள்ளான், உள்ளான். கடைசியில், "மே ஒக்கோம குருல்லோத?" என்று கேட்டார். இதெல்லாம் குருவிகளா என்று. ஓம் என்றேன். ஒரு படத்தில் நிறுத்தி, "கிரலா!" என்றார். ஆக்காண்டியைச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்கள். தங்கள் ஊர்க் குளத்திலும் நிறைய இருக்கிறதாம், அனுராதபுரப் பக்கம். அதற்குப் பிறகு பிளேன்ரீ வந்தது. ஆனாலும் பெயர், அடையாள அட்டை, பாடசாலை விலாசம் எல்லாம் எழுதித்தான் விட்டார்கள். அடுத்த கிழமை வீட்டுக்கும் வந்து விசாரித்தார்கள். உம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை.

வில்லியம் வின்சென்ட் லெக் என்பவர் 1870களில் இதே திருகோணமலையில் பணியாற்றிய பீரங்கிப் படை அதிகாரி. ஓய்வு நேரமெல்லாம் இந்தக் கரையிலும் காட்டிலும் பறவை தேடித் திரிந்து, 1878 முதல் 1880 வரை வெளிவந்த இலங்கைப் பறவைகளின் பெரிய நூலை எழுதினார். அந்தக் காலத்தில் துவக்கோடு திரிந்தவர் பறவை ஆராய்ச்சியாளர். இந்தக் காலத்தில் கமெராவோடு திரிந்தவன் விசாரிக்கப்படுகிறவன். உள்துறைமுகப் பக்கம் ஒரு பெரிய மரத்தில் கடற்கழுகுக் கூடு ஒன்று வருடா வருடம் புதுப்பிக்கப்படுகிறது. நான் வீதியால் போகும்போது கண்ணால் பார்ப்பேன். கமெரா பைக்குள்ளேயே இருக்கும்.

ஐப்பசி மாதம் வந்தால் எங்கள் பள்ளிவாசல் முஅத்தின் ஹஸரத் சில நாள் சுபஹ் பாங்குக்கு முன்னரே எனக்குக் கோல் எடுப்பார். மினாராவின் லைட்டுக்கு மயங்கி ஆறுமணிக் குருவி வந்து விழுந்திருக்கும். ஒரு சாண் நீளம்கூட இல்லை. வயிற்றடியில் சிவப்பு, தோளில் நீலம், முதுகு பச்சை. இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் இரவிரவாகப் பறந்து, கடல் தாண்டி வந்து களைத்து விழுகிற பறவை. தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்ச் செத்துவிடும். ஓட்டை போட்ட கடதாசிப் பெட்டிக்குள் இருட்டாக வைத்து, பூனைக்கு எட்டாத இடத்தில் விட்டால் போதும். பெரும்பாலும் பின்னேரமாகும்போது பெட்டிக்குள் தத்தத் தொடங்கும். பற்றைப் பக்கம் திறந்துவிட வேண்டும். போன வருடம் மூன்று வந்தது, இரண்டு பிழைத்தது. இந்த வருடம் இஷாவுக்குப் பிறகு மினாராவின் மேல் லைட்டை அணைத்துவைக்க நிருவாக சபையிடம் கேட்டிருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதம் மட்டும்தான். சபையில் இரண்டு பேர் சம்மதம், ஒருவர் யோசிக்கிறார்.

தை மாதம் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. எங்கள் களப்பையும் எண்ணப் போகிறோம். இப்போதைக்கு ஏழு பிள்ளைகளும் நானும். வர விரும்புகிறவர்கள் இன்பொக்சில் சொல்லுங்கள், பெண் பிள்ளைகள் வந்தால் எங்கள் வீட்டு டீச்சரும் வருவார். சுபஹ் தொழுதுவிட்டுப் பாலத்தடிக்கு வாருங்கள். சப்பாத்து வேண்டாம், சேற்றில் போய்விடும். ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல், கொப்பி, பென்சில். கமெரா கட்டாயமில்லை. வெள்ளை ஜுப்பாவோடு மட்டும் யாரும் வரவேண்டாம், போனமுறை ஒருவர் அப்படி வந்து முந்நூறு உள்ளானை ஒரே நொடியில் குச்சவெளிக்கு அனுப்பிவிட்டார்.